நனையாச் சிறகு

மழைத்துளி ஒன்று மேலே விழுந்தால் மனிதன் துடைத்துக்கொண்டு நடந்துவிடுவான். பூச்சிக்கோ அஃது உயிர்ப்போராட்டம். பெருந்துளி ஒன்று கொசுவைப்போல் 50 மடங்குவரை எடையுடையது. சிறகில் நீர் ஒட்டிக்கொண்டால் பறக்க இயலாது. பறக்க இயலாத பூச்சி எறும்புக்கோ பறவைக்கோ இரையாகிவிடும். ஆயினும், மழைக்குப்பின் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் சிள்வண்டின் (ஒலியையே பெயராகப் பெற்ற உயிரி அது!) சிறகில் ஈரம் நிற்பதில்லை.

அச்சிறகு கண்ணாடித்தாள்போல் வழவழப்பாகத் தோன்றும், உண்மையில் அவ்வாறன்று. மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினால், நெருங்க நட்ட கம்பங்களைப்போல் நுண்தூண்கள் நிரைநிரையாகத் தென்படும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஆஸ்திரேலியச் சிள்வண்டு இனம் ஒன்றில் இத்தூண்களின் உயரம் ஏறத்தாழ 200 நானோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிமன் அதைவிடப் பல நூறு மடங்கு மிகுதி.

தூண்களின்மேல் மெழுகுப்பூச்சும் உண்டு. மெழுகு நீரை விலக்கும். எனினும் மெழுகு பூசிய சமதளத்தில் துளி சற்றே பரவித்தான் நிற்கும். சிறகிலோ தூண்களுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. துளி தூண்நுனிகளை மட்டுமே தொட்டு, பெரும்பகுதி காற்றின்மேல் அமர்கிறது. பற்றிக்கொள்ளப் பரப்பு இல்லாமையால், பரப்பு இழுவிசை அதனை உருண்டையாக்குகிறது. நீர், பரப்போடு கொள்ளும் தொடுகோணம் இங்கு ஏறத்தாழ 159 பாகை. சிறகு சற்றுச் சாய்ந்தாலே துளி தூசியையும் வாரிக்கொண்டு உருண்டோடிவிடும். தாமரை இலையில் நிகழ்வதும் இதுவே. தமிழர் உவமையாக்கிய அக்காட்சியின் நுண்கட்டமைப்பை விளக்கி, ஜெர்மானியத் தாவரவியலாளர் பார்த்லாட், நைன்ஹுயிஸ் ஆகியோர் 1997இல் கட்டுரை வெளியிட்டனர்.

மழையே இல்லாதபோதும் சிறகு தூய்மையாகிறது. பனித்துளிகள் இரண்டு சிறகின்மேல் இணையும்போது, மொத்தப் பரப்பு குறைவதால் எஞ்சும் ஆற்றல், இணைந்த துளியை மேலே துள்ளச் செய்கிறது. அழுக்கும் உடன் நீங்குகிறது.

2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது. நீரை விலக்கும் சிறகு பாக்டீரியாவை விலக்கவில்லை, ஒட்டவிட்டுக் கொன்றது! மருத்துவமனைத் தொற்றுக்குக் காரணமான ஒருவகைப் பாக்டீரியா சில நிமிடங்களில் உறை கிழிந்து மடிந்தது. சிறகின்மேல் மெல்லிய பொன்படலம் பூசியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. எனவே கொல்வது வேதிப்பொருளன்று, தூண்களின் வடிவமே என்பது தெளிவாயிற்று. ஆயினும் தடித்த, விறைப்பான செல்சுவருடைய பாக்டீரியாக்கள் இதில் தப்பிவிடுகின்றன.

உடலுக்குள் பொருத்தும் செயற்கை உறுப்புகளுக்கு இத்தகைய பரப்பை அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. உரசலில் நுண்தூண்கள் சிதைவதே பெருந்தடை. சிள்வண்டின் சிறகும் தேயக்கூடியதே. ஆனால் முதிர்ந்தபின் அது வாழ்வது சில வாரங்களே.