ஊசிக்கு முன் பேச வேண்டியவை

அன்புள்ள தம்பிக்கு,

ரெட்டினா பயிற்சியை முடித்துவிட்டு சொந்த ஊரிலேயே பிராக்டிஸ் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. ஊசி போடக் கற்றுக்கொண்டுவிட்டாய். ஈரவகை மாக்குலா சிதைவோடு வருகிறவரிடம் முதல் நாள் என்ன பேசுவது என்பதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

"கதவு நிலை கோணலாத் தெரியுது டாக்டர்", "ஆள் தெரியுது, மூஞ்சி தெரியல" என்பார்கள். புரைதான் முற்றிவிட்டது, ஒரு ஆபரேஷனில் சரியாகிவிடும் என்று நம்பி வந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரித்த அன்றே பார்வை வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்த எதிர்பார்ப்பை முதல் நாளே நீ மாற்றாவிட்டால், மூன்று ஊசி போட்டபின் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று நின்றுவிடுவார்கள். என் அனுபவத்தில் மருந்து தோற்றுப் பார்வை போனவர்களைவிட, மருந்தை நிறுத்திப் பார்வை போனவர்களே அதிகம்.

ஆகவே உள்ளதைச் சொல். விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசிகின்றன. ஊசி அந்தக் கசிவை அடக்கும், நோயை வேரறுக்காது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுபோலத்தான் இதுவும் என்றால் எல்லோருக்கும் புரியும். 2006-இல் வெளிவந்த மரினா ஆய்வில், மாதாமாதம் ரானிபிசுமாப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு ஓராண்டில் பார்வை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பார்வை நன்றாகக் கூடியது மூன்றில் ஒருவருக்குத்தான். "இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம், கூடினால் நல்லது" என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதே.

எந்த மருந்து என்ற கேள்விக்கு அவர்கள் பணப்பையையும் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பெவாசிசுமாப் பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்தது. கண்ணில் போடுவதற்கென்று அது தயாரிக்கப்படவில்லை. அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கு. மாதாந்திர ஊசியாகப் போட்டபோது பார்வையைக் காப்பதில் அது ரானிபிசுமாபுக்கு இளைத்ததல்ல என்று 2011-இல் கேட் ஆய்வு காட்டியது. ஆனால் ஒரே குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கும் இடத்தின் சுத்தத்தை நீயே நேரில் போய்ப் பார். ரானிபிசுமாபின் உயிரி ஒப்புமருந்து 2015 முதல் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. அஃப்ளிபெர்செப்ட், ஃபாரிசிமாப் போன்றவை பலருக்கு ஊசிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டித் தருகின்றன, விலையும் அதற்கேற்ப. விலை உயர்ந்த மருந்தை இரண்டு முறை போட்டு நிறுத்துவதைவிட, கட்டுப்படியாகும் மருந்தை விடாமல் போடுவது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மவர்களிடம் பாலிப் வகை அதிகம் என்பதையும் மறக்காதே. ஊசிக்கு அடங்காத கசிவைக் கண்டால் ஐசிஜி எடுத்துப் பார்.

இன்னொன்று. மகன் பக்கத்தில் இருந்தால் நாம் அவரிடமே பேசிவிடுகிறோம், அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவிடம் பேசு. "யார் கூட்டி வருவார்கள்? அன்றைக்கு அவர்களுக்குக் கூலி போகுமா?" என்று கேள். முதல் மூன்று மாத ஊசிகளுக்குப் பிறகு, ஸ்கேனில் நீர் வற்றியிருந்தால், இரண்டிரண்டு வாரமாக இடைவெளியை நீட்டலாம் என்று சொன்னால் அந்த முகத்தில் ஒரு தெளிவு வரும். மரத்துப்போகும் சொட்டு போட்டபின் ஊசியில் வலி குறைவு, அன்றிரவு அயோடின் எரிச்சல்தான் படுத்தும் என்பதையும் முன்கூட்டியே சொல். அடுத்த சில நாட்களில் வலியோடு கண் சிவந்து பார்வை மங்கினால் நள்ளிரவானாலும் வரச் சொல். மற்றக் கண்ணுக்குத் தினமும் ஒரு சோதனை கற்றுக்கொடு: ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியையோ மாதக் காலண்டரின் கட்டத்தையோ பார்க்கட்டும். கோடு வளைந்தால் உடனே வர வேண்டும். பீடி, சிகரெட்டை விடச் சொல்வதும் சிகிச்சைதான்.

தழும்பு விழுந்துவிட்ட கண்ணில் ஊசியால் பயனில்லை என்ற கட்டம் வரும்போது அதையும் மறைக்காதே. உருப்பெருக்கி, வாய்விட்டுப் படிக்கும் போன் என்று அடுத்த வழியைக் காட்டு. அந்த நிலையில் சிலருக்கு இல்லாத குழந்தைகளும் பூக்களும் கண்முன் தெரியும். பேய் பிடித்ததோ, புத்தி பேதலித்ததோ என்று பயந்து வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். சார்ல்ஸ் போனே என்பவர் தன் தாத்தாவிடம் இதைக் கண்டு 1760-இலேயே எழுதிவைத்தார். கண் அனுப்பாத படங்களை மூளை தானே வரைகிறது, பைத்தியமில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

உன் கிளினிக்கில் ஒரு நோட்டுப் போடு. ஊசித் தேதிக்கு வராதவர் பெயரை அதில் எழுதி, அன்று மாலையே நீயே போன் செய்து பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்