பழம் போட்ட கறிக்குழம்பு: மொராக்கோ தஜீன், நம்ம ஊரு மண்சட்டியில்

கறிக்குழம்பில் பேரீச்சம்பழம் போடுவார்கள் என்று சொன்னால் நம்ம பசங்க பாதிப் பேர் முகம் சுளிப்பாங்க. "அது பாயசமா, குழம்பா?" என்று கேட்பாங்க. ஆனால் மொராக்கோவில் அது பெரிய விருந்துச் சாப்பாடு. பேர் தஜீன். கூம்பு மூடி போட்ட மண்சட்டிக்கும் அதே பேர், அதில் வேகும் குழம்புக்கும் அதே பேர். இந்தக் கட்டுரையில் அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்க்கப் போகிறோம். கூடவே, முதலாண்டில் படித்த வெப்பவியல் அடுப்படியில் எங்கே வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

கறியும் பழமும் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் நெய்ச்சோறோடு வரும் தால்சாவை நினைத்துப் பாருங்க. ஆட்டு எலும்பு, பருப்பு, கத்திரிக்காய், கூடவே மாங்காய். அந்த மாங்காய்த் துண்டுக்குப் பந்தியில் நடக்கும் சண்டை எல்லாருக்கும் தெரியும். நாம் பழத்தின் புளிப்பை எடுத்துக்கொண்டோம், அவர்கள் இனிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பாக்தாத்தில் 1226இல் அல்-பாக்தாதி தொகுத்த சமையல் நூலிலேயே ஆப்ரிகாட் பழம் போட்ட ஆட்டுக்கறிக்குச் செய்முறை இருக்கிறது. மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்தில் 1304இல் பிறந்த இபின் பதூதா, மதுரை சுல்தான்கள் காலத்தில் நம்ம பக்கமும் வந்து போனவர். இந்தியாவில் மாங்காயை உப்பில் ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் எலுமிச்சையை இப்படித்தான் ஊறவைப்போம் என்ற அர்த்தத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த உப்பு எலுமிச்சை இன்றைக்கும் தஜீனில் போடும் முக்கியமான பொருள்.

சட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஆட்டின் கழுத்து, முன்னங்கால், சப்பை எல்லாம் அதிகம் உழைக்கும் பகுதிகள். அங்கே தசைகளைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு அதிகம். அந்தச் சவ்வில் இருக்கும் புரதம் கொலாஜன். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசை சுருங்கி, சாற்றைப் பிழிந்து வெளியே விடும். அரைவேக்காட்டில் கறி ரப்பர் மாதிரி இருப்பது இதனால்தான். 70 டிகிரிக்கு மேலே போன பிறகு கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்புதான் ஜெலட்டின்.

இந்த மாற்றம் நடக்க நேரம் வேண்டும். தீயைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைக்கிறோம். திறந்த சட்டியில் தண்ணீர் கொதிக்கும் சூடு 100 டிகிரிதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வேகமாக ஆவியாகும். அடி பிடிக்கும், கேஸ் வீணாகும். கறி அதே கதியில்தான் வேகும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்க: முரட்டுக் கறியை மெத்தென்று ஆக்குவது பெரிய தீ இல்லை, சின்னத் தீயும் நேரமும்.

கூம்பு மூடியின் வேலை என்ன? ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,257 கிலோஜூல் தேவை. மேலே போகும் ஆவி, சூடு குறைந்த மூடியில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது அந்த வெப்பத்தை மூடியிடம் கொடுத்துவிட்டுச் சட்டிக்குள்ளேயே வழிந்து இறங்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாலே இரண்டு மணி நேரம் தாங்கும். தண்ணீரும் விறகும் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய ஊருக்கு ஏற்ற பாத்திரம்.

கூம்பு மூடிக்கு ஆன்லைனில் பணம் கட்ட வேண்டியதில்லை. பொரியல் வதக்கும்போது மூடித் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. அதுவும் இதே கண்டன்சர் வேலைதான். மேலே இருக்கும் தண்ணீர் சூடேறிவிட்டால் கொட்டிவிட்டு வேற தண்ணீர் ஊற்றுங்க.

நம்ம ஊர்ச் சரக்கு

வளையமாதேவி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2023 ஜூலை ஞாபகம் வரும். விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை டிவியில் பார்த்திருப்பார்கள். செய்தியில் வந்த வயலை ஒட்டி வீடுகளும் இருக்கின்றன, அடுப்பும் எரிகிறது. நிலம் கைமாறினால் வயலோடு சேர்ந்து ஆடு மேயும் இடமும் போகிறது. வீடு மாறும்போது முதலில் விட்டுவிட்டு வருவது பரணில் இருக்கும் மண்சட்டியைத்தான். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் இறக்குங்க, இந்தக் குழம்புக்கு அதுவே போதும்.

பாதாம் விலை அதிகம் என்றால் பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறது. உலர்ந்த பிளம்ஸ், ஆப்ரிகாட் கிடைக்காவிட்டால் பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் போதும். சீசனில் பண்ருட்டிப் பலாச்சுளையையும் போட்டுப் பார்க்கலாம். ரொம்பப் பழுக்காத, கெட்டியான சுளையாக இருக்கட்டும்.

அன்னாசி, பப்பாளி மட்டும் வேறு கதை. அவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சைக் கறியில் தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் மேல்பகுதி கூழாகிவிடும். கொதித்த பிறகு அந்த நொதிகள் செயலிழந்துவிடும்.

நாலு பேருக்குத் தேவையானவை

எலும்போடு ஆட்டுக்கறி அரை கிலோ (கழுத்து அல்லது முன்னங்கால்)
பெரிய வெங்காயம் 2, பூண்டு 5 பல், இஞ்சி விழுது 1 ஸ்பூன்
மஞ்சள்தூள், மிளகுத்தூள் தலா அரை ஸ்பூன்
மல்லித்தூள், சீரகத்தூள் தலா 1 ஸ்பூன், பட்டை 2 துண்டு
கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி (அங்கே ஆலிவ் எண்ணெய்)
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 8, உலர்திராட்சை ஒரு கைப்பிடி
தேன் 1 ஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, வறுத்த முந்திரி, எள், உப்பு

மொராக்கோவில் 'ராஸ் எல் ஹானூத்' என்று ஒரு மசாலாக் கலவை உண்டு. 'கடையின் தலை' என்று அர்த்தம், அதாவது கடைக்காரர் தன்னிடம் இருப்பதில் நல்ல சரக்கைப் பார்த்துக் கலந்து கொடுப்பது. நம்ம கரம் மசாலா அரை ஸ்பூன் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். மிளகாய்த்தூள் வேண்டாம், பழத்தின் ருசியை அமுக்கிவிடும்.

செய்முறை

1. கறியில் மசாலாத் தூள்கள், இஞ்சி, தட்டிய பூண்டு, உப்பு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்க.

2. அடுப்பின் மேல் பழைய தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் மண்சட்டியை வையுங்க. தீ ஒரே இடத்தில் படாமல் பரவும், சட்டி விரிசல் விடாது. தீ சின்னதாகவே ஆரம்பிக்கட்டும்.

3. எண்ணெய் விட்டுப் பட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம் போட்டு நிறம் மாறும்வரை வதக்குங்க. கறியைப் போட்டு லேசாகப் பிரட்டுங்க.

4. 300 மி.லி. வெந்நீர் ஊற்றுங்க. சூடான மண்சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடி, மூடியின் மேல் தண்ணீர் ஊற்றி, சிம்மில் இரண்டு மணி நேரம். நடுவில் இரண்டு, மூன்று முறை மட்டும் திறந்து பாருங்க. தண்ணீர் குறைந்திருந்தால் கொஞ்சம் வெந்நீர் சேர்க்கலாம்.

5. எலும்பிலிருந்து கறி கழன்று வரும் பதத்தில் பழங்களைப் போடுங்க. பலாச்சுளை என்றால் அதுவும் இப்போதுதான். தேன் சேர்த்துத் திறந்து வைத்து 15, 20 நிமிடம் வற்றவிடுங்க. பழத்தை முதலிலேயே போட்டால் கரைந்து, சர்க்கரை அடியில் தங்கித் தீய்ந்துவிடும்.

6. இறக்கி, எலுமிச்சை பிழிந்து, முந்திரியும் எள்ளும் தூவுங்க. சோறு, சப்பாத்தி, பன் எதோடும் சேரும்.

ரூமில் இருக்கிறவங்களுக்கு

மண்சட்டி இல்லையா? குக்கர் போதும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் சூடு 120 டிகிரி வரை போகும், கொலாஜன் வேகமாகக் கரையும். நாலாவது படி வரைக்கும் குக்கரிலேயே செய்யுங்க. ஆவி வெளியே போவது குறைவு என்பதால் தண்ணீர் 200 மி.லி. போதும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 25 நிமிடம். பிரஷர் தானாக இறங்கியதும் திறந்து, பழம் போட்டு வற்ற விடுங்க. பழத்தைப் போட்டு மூடி விசில் விட்டால் ஜாம்தான் கிடைக்கும்.

கேஸ் கணக்கும் பார்த்துவிடலாம். சிம்மில் அடுப்பு 400 வாட் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரத்துக்கு 3.6 மெகாஜூல். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 46 மெகாஜூல். ஆக சுமார் 78 கிராம் கேஸ். குக்கரில் 1,500 வாட்டில் 10 நிமிடம், சிம்மில் 25 நிமிடம், பழம் போட்ட பிறகு 15 நிமிடம் என்றால் சுமார் 40 கிராம். மாசக் கடைசியில் எது சரி என்று நீங்களே முடிவு செய்யுங்க.

இண்டக்‌ஷன் அடுப்பு மண்சட்டியைச் சூடாக்காது. மண்ணில் மின்சாரம் ஓடாது, காந்தமும் ஒட்டாது. இண்டக்‌ஷனுக்கு ஏற்ற குக்கர்தான் வழி.

சட்டியைப் பழக்குதல்

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றாதீங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அடுத்த நாள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆறவையுங்க. இரண்டு, மூன்று நாள் இப்படிச் செய்தால் மண்வாசனை போகும், நுண்துளைகள் ஓரளவு அடைபடும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வண்ணப் பூச்சுள்ள அலங்காரச் சட்டி வேண்டாம். அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். பக்ரீத் கறியைத் தேன், திராட்சை, பாதாம் போட்டு வற்றவைத்து, நாள்பட வைத்துச் சாப்பிடும் 'மரூசியா' என்ற தஜீன் மொராக்கோவில் உண்டு. சர்க்கரை கூடும்போது நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் தண்ணீர் குறையும், ஊறுகாயில் உப்பு செய்யும் அதே வேலை. நம்ம குழம்பில் அவ்வளவு சர்க்கரை கிடையாது. அதனால் மிச்சத்தை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நல்லாக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்க. மீன்குழம்பு மாதிரியே இதுவும் மறுநாள்தான் இன்னும் ருசி.