குக்கர் முதலில் வேகவைத்தது எதை?

கேள்வி: ஆட்டுக்கால் பாயான்னா அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்க விறகடுப்பில் கிடக்கணும் என்பார் என் மாமியார். எனக்குக் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சோறும் பருப்பும் வைக்க வந்த குக்கரில் எலும்பைப் போட்டுப் பார்த்த முதல் ஆள் யார்?
- வாசகி, கல்மண்டபம்

பதில்: கதை தலைகீழ். குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். சோறும் பருப்பும் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் மருத்துவம் படித்தவர். லண்டனில் ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்தவர். ஆவி வெளியேறாமல் இறுக்கி மூடிய பாத்திரம் ஒன்றை 1679-ல் செய்தார். 1681-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். எலும்பை மென்மையாக்கும் எந்திரம் என்று அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். மறுவருஷம் ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்காரர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி பதத்துக்கு வெந்திருந்ததாக, சாப்பிட்டுவிட்டு வந்த ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

பாத்திரம் வெடித்துவிடக் கூடாதே! மூடியில் ஒரு துளை போட்டு, அதை அழுத்திக்கொண்டிருக்க எடை தொங்கும் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினார் பாப்பின். ஆவி மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். நீங்கள் தினமும் மாட்டும் வெயிட்டின் வேலையும் அதேதான். பாரத்தைத் தூக்குகிற ஆவியை வேறு எதற்காவது பயன்படுத்தலாமே என்று யோசித்தவர், 1690-ல் உருளைக்குள் பிஸ்டனை ஏற்றியிறக்கும் திட்டத்தை எழுதினார். நீராவி எஞ்சினுக்கு அது ஒரு தொடக்கம். உங்கள் பக்கத்து ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியதே, அதற்கும் உங்கள் பாயாவுக்கும் பூர்விகம் ஒன்று!

குக்கர் நம்மூர் அடுப்புக்கு வர ரொம்ப நாள் ஆனது. ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கியதே 1959-ல்தான்.

ஆட்டுக்காலில் கறி ஏது? தோலும் நரம்பும் மூட்டும்தான். அவற்றிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினானால்தான் பாயா உதட்டில் ஒட்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரில் 120 வரை போகும். மாமியாரின் ராத்திரியை முக்கால் மணியாகச் சுருக்கியது அந்த 20 டிகிரி. ஆகவே முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து விசில், பதினைந்து விசில் என்று எண்ணுவது கேஸுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: அதே குக்கரில் ஈரலைப் போட்டால் மட்டும் ஏன் கல்லாகிறது?
- அதே வாசகி

பதில்: கரைவதற்கு அதில் கொலாஜன் அவ்வளவாகக் கிடையாது. சூடு ஏற ஏற ஈரலின் புரதம் இறுகி, உள்ளிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மிளகு போட்டுச் சட்டியில் வதக்குங்கள். நடுவில் சிவப்பு மறைந்ததும் இறக்கிவிடலாம். சுவரொட்டிக்கும் (மண்ணீரல்) இதே கதிதான். கழுத்துக்கறி, நெஞ்செலும்பு, குடல் மூன்றையும் தாராளமாகக் குக்கரில் ஏற்றலாம். சாப்ஸ் மட்டும் ஆட்டைப் பொறுத்தது. இளசாக இருந்தால் சட்டியே போதும், முற்றலென்றால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் குக்கர்தான்.