படகின் அடிப்புறத்திற்கு எந்த வர்ணம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக் காலத்தில் கரையேற்றிய விசைப்படகின், நீரில் அமிழும் பாகத்திற்கு வர்ணம் வாங்குவோர் கவனிக்க:

1. கொட்டலசும் பாசியும் பற்றி வேகத்தைக் குறைத்து டீசலை விரயமாக்காதிருக்க, தாமிர ஆக்ஸைடு கலந்த வர்ணத்தையே தேர்ந்தெடுங்கள். கதவுக்குப் பூசும் எனாமல், எத்தனை பிரகாசமாயினும், உப்புநீரில் கொப்புளித்து உரிந்துவிடும்.

2. இரும்புப் படகானால், முன்னதாக எபாக்ஸி பிரைமர் பூசுங்கள். தாமிரத்தின் நேர் ஸ்பரிசம் இரும்பை அரிக்கும். அலுமினியத்திற்கோ இவ்வர்ணமே கூடாது.

3. பழைய பூச்சை நீர் நனைத்தே தேய்த்தெடுங்கள். அதன் தூசி விஷம்.

4. டப்பாவை அடிவரை கலக்குங்கள். கனமான தாமிரம் அடியில் தங்கிவிடும்.

5. நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானிலும் ஒரு பூச்சு அதிகம் கொடுங்கள். வர்ணம் முதலில் தேய்வது அங்கேதான்.