மிதத்தலும் விளையாட்டுலகமும்

கணினித் திரையிலே நீரையும் மரத்தையும் இரும்பையும் விரும்பியவாறு படைத்து, அவை இயங்கும் விதத்தைக் கண்டு மகிழும் விளையாட்டுகள் இக்காலத்தில் பல உள. அவை இயற்கையோடு எத்துணைப் பொருந்துகின்றன என்பதை அறிய நல்லதோர் உரைகல் உண்டு. பொருள்கள் நீரில் மிதக்கும் முறையே அவ்வுரைகல்லாகும்.

மிதப்பதும் மூழ்குவதும் எடையால் மட்டும் அமைவன அல்ல. பெரிய மரம் மிதக்கின்றது; சிறிய ஆணி மூழ்குகின்றது. ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் எத்தனை கிராம் பொருள் அடங்கியுள்ளது என்பதே அடர்த்தி எனப்படும். நீரின் அடர்த்தி 1. பனிக்கட்டியின் அடர்த்தி ஏறத்தாழ 0.92; எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.85. ஆதலின் பனிக்கட்டி மிதக்கும். எஃகுத் துண்டு மூழ்கும்.

அங்ஙனமாயின் எஃகுக் கப்பல் மிதப்பது எவ்வாறு? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதற்கு விடை கண்டார். நீரில் இட்ட பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும் என்றார் அவர். 785 கிராம் எஃகைத் துண்டாக இட்டால், அது 100 கிராம் நீரையே விலக்கி மூழ்கிவிடும். அதனையே 1000 கன சென்டிமீட்டர் புற அளவுள்ள கிண்ணமாக்கி நீரில் வைத்தால், 785 கிராம் நீரை விலக்கிய அளவில் மிதந்து நிற்கும்.

பொருளின் பெயரை மட்டும் நோக்கி, 'மரம் மிதக்கும், இரும்பு மூழ்கும்' என விதி செய்யும் விளையாட்டு, இவ்வுண்மையை உணர்த்த வல்லதன்று. வயிரம் பாய்ந்த கருங்காலி மூழ்குவதையும் அது காட்டாது. மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் மரத்தின் அடியை வெட்டி நீக்கினும் மேற்பகுதி வானிலே அசையாது நிற்கும். மணலோ தாங்குவதின்றேல் விழும். கட்டி விளையாடுவோர்க்கு அஃது எளிமை தருவதே. ஆயினும் இயற்கையின் நெறியன்று.

சுவீடன் நாட்டு ஊமியோ பல்கலைக்கழகத்தில் எமில் ஏர்னர்ஃபெல்ட் என்னும் மாணவர், 2008ஆம் ஆண்டில் 'ஃபன்' என்னும் விளையாட்டைப் படைத்தார். அதன் வழிவந்ததே 2009ஆம் ஆண்டில் வெளியான 'அல்கோடூ'. இதில் ஒவ்வோர் உருவத்தின் அடர்த்தியையும் ஆடுவோர் தாமே மாற்றலாம். அடர்த்தி மிகுந்தோறும் பொருள் நீருள் அமிழ்வதும், குறைந்தோறும் எழுவதும் கண்ணெதிரே விளங்கும். எனினும் இவ்வுலகிற்கு நீளமும் உயரமும் உண்டேயன்றிக் கனம் இல்லை. இதன் நீரும் சிறு துளிகளின் தொகுதியே. ஆதலின் இது காட்டுவது இயற்கையின் சாயலே.

ஆகவே, திரையில் கண்டதை அவ்வாறே உண்மையெனக் கொள்ளுதலும், விளையாட்டுத்தானே என இகழ்ந்து தள்ளுதலும் அறிவுடைமை ஆகா. ஒரு வாளி நீரும் ஒரு கிண்ணமும் எவர் வீட்டிலும் உண்டு. கண்டதை அவற்றைக் கொண்டு சோதித்துத் தெளியும் மாணவனுக்கு, விளையாட்டும் கல்வியாகும்.