சுருளியில் நீராடப் போகிறீர்களா?

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது சுருளி தீர்த்தம். ஆடி, தை அமாவாசைகளில் இங்கே நீராடி, பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுத்து, சுருளி வேலப்பரைத் தரிசிப்பது வழக்கம்.

ஒன்றை மறவாதீர்கள். அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டலாம்; சற்று நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் செல்வோர், வனத்துறை குளிக்க அனுமதிக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். குடையும் மாற்றுத் துணியும் அவசியம்.

தடை இருந்தால் வருந்த வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வதும் ஸ்நானமே என்பது சாஸ்திரம். குடும்பம் பத்திரமாக வீடு திரும்புவதைத்தானே முன்னோரும் விரும்புவார்கள்!