தோட்டுக்கு உதிரி வைரம்

மகள் கல்யாணத்துக்குத் தோடு செய்ய வைரத்தை உதிரிக் கல்லாக வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக வாங்கலாம். கட்டிய நகையில் கல்லின் குறையைத் தங்கம் மறைத்துவிடும். உதிரிக் கல்லில் அந்த வித்தை பலிக்காது.

ஜொலிப்பைத் தருவது பட்டை தீட்டிய நேர்த்திதான். அதனால் வட்டக் கல் என்றால் சான்றிதழில் 'கட்' தரம் 'எக்ஸலன்ட்' என்றே இருக்கட்டும். நிறத்தில் டி, ஈ என்று கேட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஜி, எச் போதும். தங்கத்தில் பதித்த பிறகு வித்தியாசம் தெரியாது. சுத்தத்துக்கு வி.எஸ். போதும்.

ஒரு காரட் என்பது 100 சென்ட், அதாவது 200 மில்லிகிராம். எடை அரை காரட்டைத் தொட்டதும் விலை எகிறும். 46, 47 சென்ட் ஜோடி வாங்கினால் காதில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டும் வைரமே, விலைதான் மலைக்கும் மடுவுக்கும்.

ராசி பார்ப்பது உங்கள் விருப்பம். பில் பார்ப்பது கட்டாயம்!